நடுப்பாலத்தில் லெஷெக்

ஜெர்மன் போலீஸ்காரி லெஷெக்கைப் பாலத்தின் நடுவில் நிறுத்தி, போலந்துப் பக்கம் கையைக் காட்டினாள்.

அந்தப் பக்கத்தில் மஞ்சள் மேலங்கி போட்ட நான்கு பேர் கைகோத்து வழியை மறித்தார்கள்.

ஜெர்மனி திருப்பி அனுப்பும் வெளிநாட்டு அகதி ஒருவரையும் ஊருக்குள் விடுவதில்லை என்று ஜனங்களே தொடங்கிய காவல் அது. தொடங்கியவர்களில் லெஷெக்கும் ஒருவன். அவனுடைய மேலங்கி ஆற்றோடு போய்விட்டது. அடையாள அட்டையும் கைபேசியும் அதன் பையில்.

காலையில் எல்லை ஆற்றின் ஜெர்மன் கரை நாணலுக்குள் யாரோ பதுங்குவது தெரிந்தது. லெஷெக் ஆற்றில் இறங்கினான். நடுவில் வழுக்கி விழுந்தும் விடவில்லை. அமுக்கிப் பிடித்த பிறகுதான் தெரிந்தது, தூண்டில் போட வந்த ஜெர்மன் பெரியவர். அவர்தான் போலீஸைக் கூப்பிட்டார்.

"டேய், நான் உங்க ஆளுடா! இதை ஆரம்பிச்சதே நான்தான்!" என்று பாலத்திலிருந்து கத்தினான் லெஷெக்.

அன்று முறைக்கு வந்தவர்கள் தூரத்து ஊர்க்காரர்கள்.

"போலிஷ் நல்லாவே பேசுறானே," என்றான் ஒருவன்.

"இப்பல்லாம் படிச்சிட்டுத்தான் வர்றானுங்க," என்றான் தாடிக்காரன்.

முன்னால் போனால் தள்ளினார்கள். திரும்பினால் போலீஸ்காரி தலையை ஆட்டினாள். கண்ணெதிரே ஞானஸ்நானம் வாங்கிய தேவாலயத்தின் கோபுரம். லெஷெக்குக்கு அழுகை வந்தது.

காவல்காரர்களுக்கு சூப் கொண்டுவந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

"நீங்க இந்த ஊருதானே அக்கா? இவனைத் தெரியுமா?"

அவள் அவனைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தாள்.

"கோடை முழுக்க என் கண்ணுலயே படல."

அவள் லெஷெக் பக்கம் திரும்பினாள்.

"ஏம்ப்பா, உருளைக்கிழங்கு தோண்டுவியா?"

"தோண்டுறேன்."

"கோழிக்கூண்டுக்குக் கூரை?"

"இன்னைக்கே போடுறேன்."

"சும்மா உக்காந்து திங்க வரலையே?"

"சத்தியமா இல்ல."

"அப்ப விடுங்கப்பா. வேலைக்கு ஆள் இல்லாம அல்லாடுறேன்."

"நம்ம கொள்கைன்னு ஒண்ணு..." என்று இழுத்தான் தாடிக்காரன்.

அவள் சூப் பானையைத் திரும்பத் தூக்கினாள். கோத்த கைகள் பிரிந்தன.

போலீஸ்காரிக்குக் கொஞ்சம் போலிஷ் புரியும். "யார் அந்த அம்மா? குடியேற்ற அதிகாரியா?" என்று மெல்லக் கேட்டாள்.

"என் வீட்டுக்காரி," என்றான் லெஷெக்.