லேக் வியூ, தரைத்தளம்

மாதிரி வீட்டின் படுக்கையறைச் சுவரில் மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தார் மாமனார். பிறகு சிரமப்பட்டுக் குனிந்து, தரையோரமாக விரல் முட்டியால் ‘டொக் டொக்’ என்று தட்டினார்.

மருமகளுக்குக் கூச்சமாக இருந்தது. "விடுங்க மாமா, புது பெயின்ட்" என்றாள் மெல்ல.

"புது பெயின்ட்டுக்கு அடியில என்ன இருக்குன்னுதான் பாக்கறேன்."

டை கட்டிய விற்பனையாளன் சிரிப்பைக் கலைக்காமல் ‘லேக் வியூ’ என்று பொன்னெழுத்தில் அச்சடித்த கையேட்டை நீட்டினான். அட்டையில் இரண்டு வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன.

"ஏரி எங்கப்பா?"

"பார்க் பக்கத்துல செயற்கைக் குளம் ஒண்ணு வருது சார். நீரூற்றோட."

"இருந்த ஏரியைத் தூத்துட்டு, தொட்டி கட்டி வாத்து விடப் போறீங்க. வாத்துக்காவது நீச்சல் தெரியும். குடிவரவங்களுக்குத் தெரியுமா?"

மருமகள் காதில் போட்டுக்கொள்ளாதவள் போல ஜன்னலோரம் நகர்ந்தாள். அவளுக்கு ஏழாம் மாதம். கணவன் கப்பலில் இருந்தான். வீடு பார்க்கும் பொறுப்பு அவள் தலையில். தொட்டிலை இந்த ஜன்னலோரம் போடலாம், குழந்தை தவழ்ந்து வாசலுக்குப் போனால்கூட விழுவதற்குப் படி கிடையாது என்று மனதுக்குள் குடியேறியே விட்டாள். ஆஸ்பத்திரியில் நான்கு வருடம் கண்விழித்துப் பார்த்த நர்ஸ் வேலையெல்லாம் இந்தத் தரைத்தள வீட்டுக்காகத்தான்.

"வெள்ள மட்டத்துக்கு மேல எவ்வளவு தூக்கிக் கட்டியிருக்கீங்க?" மாமனார் விடவில்லை.

"போதுமான அளவு சார்."

"போதுமான அளவுன்னா? சட்டையா தைக்கற? அடிக் கணக்குல சொல்லு."

விற்பனையாளன் டையைத் தளர்த்திக்கொண்டான்.

"நான் சொல்றேன் கேட்டுக்கோ. இந்த மாதிரி தாழ்வான இடத்துல தரைத்தளத்துல வண்டிதான் நிக்கணும், மனுஷன் படுக்கக் கூடாது. அது விதி. வாய்க்கால்லேர்ந்து அம்பது அடி தள்ளித்தான் சுவரே எழுப்பணும். அதுவும் விதி. வடக்குப் பக்கம் ஒரு வாய்க்கால் போகுமே, அது எங்க?"

"அது... குழாய் போட்டு மூடியாச்சு சார்." அவன் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு காணாமல் போயிருந்தது. "சார் இந்தப் பக்கம் முன்னாடியே வந்திருக்கீங்களா?"

"இன்னைக்குத்தான் முதல் தடவையா கால் வைக்கறேன்."

"மாமா கவர்மெண்ட் வேலையில இருந்தவர்" என்றாள் மருமகள், மன்னிப்புக் கேட்கும் குரலில். "எதையும் நோண்டிப் பாக்காம விட மாட்டார்."

அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த ஒன்றரை வருடத்தில் அவர் வாயிலிருந்து தப்பித்தவர் யாரையும் அவள் பார்த்ததில்லை. காய்காரர் எடையில் திருடன், டாக்டர் பரிசோதனையில் திருடன், டி.வி.யில் செய்தி வாசிக்கிறவள்கூட ஏதோ ஒரு வகையில் திருடி.

விற்பனையாளன் கடைசி ஆயுதத்தை எடுத்தான். பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்த ஒரு காகிதம்.

"இதுக்கு மேல என்ன சார் வேணும்? அரசாங்க அனுமதி. படிக்கறேன், கேளுங்க மேடம். ‘இடத்தை நேரில் ஆய்வு செய்தேன். மழைக்காலத்தில் நீர் தேங்கியதற்கான அடையாளம் ஏதும் இல்லை. குடியிருப்புக்கு ஏற்றது.’ கீழ சீல், கையெழுத்து எல்லாம் பக்காவா இருக்கு."

மாமனார் அதைக் கையில் வாங்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"நேர்ல ஆய்வாம்! ஃபேனுக்கு அடியில உக்காந்து எழுதியிருப்பான். செருப்புல ஒரு பொட்டு மண்ணு ஒட்டியிருக்காது."

"போதும் மாமா!" மருமகளின் குரல் உயர்ந்தது. "உங்களுக்கு யாரைப் பாத்தாலும் திருடனாத்தான் தெரியுமா? இதோட ஒன்பது வீடு பாத்தாச்சு. ஒன்பதுலயும் குத்தம் சொன்னீங்க. பொறுத்துக்கிட்டேன். இதை விட மாட்டேன்."

"இதை மட்டும் விட்டுடும்மா. வேற எதை வேணா எடு, நான் வாயே திறக்கல. அவன் எழுதினதை நம்பாத."

"ஏன் நம்பக் கூடாது? அவரும் ஒரு பிள்ளையைப் பெத்தவராத்தானே இருப்பார்? தூங்கற குழந்தை மேல தண்ணி ஏறும்னு தெரிஞ்சா கையெழுத்துப் போடுவாரா?"

வெளியே, மூடிய வாய்க்காலின் மேல் நட்டிருந்த பூச்செடிகளுக்கு ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

விற்பனையாளன் சட்டென்று நாற்காலியை இழுத்துப் போட்டான். முன்பதிவுப் படிவம் மேஜைக்கு வந்தது. இன்றைக்கே கையெழுத்தானால் இந்தத் தரைத்தள வீடு அவளுக்குத்தான் என்றான். அவள் வயிற்றை ஒரு கையால் தாங்கியபடி உட்கார்ந்து, பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

பேனா முனை காகிதத்தைத் தொடப் போன நேரத்தில் மாமனாரின் கை வந்து படிவத்தின் மேல் அகலமாக விழுந்தது.

"கையை எடுங்க மாமா."

அவர் எடுக்கவில்லை. எவரைப் பற்றியும் சொல்ல நாலு வார்த்தை தயாராக வைத்திருப்பவர், படிவத்தை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அந்த ஆபீசரை உங்களுக்குத் தெரியுமா? என்ன தப்பு பண்ணினார்? சொல்லிட்டுப் பேசுங்க" என்றாள் அவள்.

மாமனார் தலையை நிமிர்த்தவில்லை.

"அது என் கையெழுத்தும்மா."