சிங்கப்பூர் முதலை

படகு கவிழ்ந்தது. சதாசிவம் தண்ணீரில் விழுந்த அதே நேரத்தில், பத்தடி தள்ளி முதலை வாயைப் பிளந்தது. மாணவர் விடுதியின் மாடியிலிருந்து முப்பது பையன்கள் 'ஐயோ' என்று அலறினார்கள்.

"போதும்லா," என்றான் லியோனார்ட், எழுதுகிறவனின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. "எங்க ஹாஸ்டல் பின்னால ஓடுறது சாக்கடைடா. அதுல மொதல எங்கேருந்து வந்துச்சு?"

"இங்கேருந்துதான். நேத்து தெப்ராவ் ஆத்துல பாத்தேன்," என்றான் சதாசிவம். 'மீதியை அடுத்த வாரம் எழுதுகிறேன்' என்று முடித்து, கடுதாசியை மடித்து அவனிடம் கொடுத்தான்.

அவன் உட்கார்ந்து எழுதியது சிங்கப்பூர் விடுதியில் அல்ல. கடல் பாலத்துக்கு இந்தப் பக்கம், மலாயாவின் ஜொகூரில், தெப்ராவ் ரப்பர் தோட்டத்தின் கூலி லயத்தில். ஒரே வகுப்பில் இரண்டு தடவை கோட்டடித்ததும் பள்ளிக்கூடத்தில் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். அதை அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. ஏழு மாதமாகப் பால்மரம் வெட்டிக்கொண்டே, சிங்கப்பூரில் படிப்பதாக வாராவாரம் எழுதிக்கொண்டிருந்தான்.

கூடப் படித்த லியோனார்ட் ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறி வருவான். அந்த வாரத்துப் பள்ளிக்கூடக் கதைகளைச் சொல்லிவிட்டு, கடுதாசியைக் கொண்டுபோய்ச் சிங்கப்பூரிலேயே தபாலில் சேர்ப்பான். முத்திரை சரியாக விழ வேண்டுமே!

வடக்கே பாலோ தோட்டத்தில் இருந்த அப்பா வீரமுத்துவுக்குப் படிக்கத் தெரியாது. கடைக்கார ஐயாசாமியைப் படிக்கச் சொல்லி, லயத்தையே கூட்டி வைத்துக் கேட்பார். தாயில்லாமல் வளர்ந்த பிள்ளை படித்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக வருவான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அந்த மனுஷன் தலை நிமிர்ந்து நடப்பதே இந்தக் கடுதாசிகளை நம்பித்தான்.

"ஒனக்கும் ஒண்ணு வந்திருக்கு," என்று லியோனார்ட் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினான். அப்பா சொல்ல, ஐயாசாமி எழுதியது.

'தோட்டத்தில் எல்லாம் சௌக்கியம். எனக்கு ஒரு குறையும் இல்லை. இனிமேல் கடுதாசியைத் தோட்டத்து ஆபீசுக்குப் போடாமல் ஐயாசாமி கடை விலாசத்துக்கே போடவும். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நான் அந்தப் பக்கம் வருகிறேன். முடிந்தால் உன் பள்ளிக்கூடத்தையும் ஒரு நடை பார்த்துவிடுகிறேன்.'

சதாசிவம் துள்ளி எழுந்தான். "அலமாக்! அப்பா வர்றாருடா. பள்ளிக்கூடத்துக்கே வர்றாரு. நான் செத்தேன்."

"உள்ளதச் சொல்லிடுலா."

"சொன்னா அவரு உசுர விட்டுருவாருடா! ஒன் பள்ளிக்கூடக் கோட்ட ஒரு நாளைக்குக் குடு. வாசல்லயே நின்னு புடிச்சு, காப்பி வாங்கிக் குடுத்து, ரயிலேத்தி அனுப்பிச்சிர்றேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே சிங்கப்பூரில் பள்ளிக்கூட வாசலில் நின்றான். கோட்டுக் கை முழங்கையைத் தாண்டி இறங்க மறுத்தது. ரப்பர் பால் கறை படிந்த விரல்களைப் பைக்குள் ஒளித்துக்கொண்டான். தலைமையாசிரியர் கோவிலுக்குப் போனபோது மரத்துக்குப் பின்னால் பதுங்கினான். அவர் திரும்பி வந்தபோது மரத்தடியில் யாரோ நிற்க, கால்வாய்க்குள் இறங்கிக் குந்தினான்.

வேட்டியும் தலைப்பாகையுமாக யார் வந்தாலும் எட்டி எட்டிப் பார்த்தான். மாலை ஆறு மணி வரைக்கும் அப்பா வரவில்லை.

தப்பித்தோம் என்று சந்தோஷப்பட வேண்டியவன், பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதான். அப்பாவைப் பார்த்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஏமாற்றுவதற்காகவாவது ஒரு தடவை பார்த்திருக்கலாம் என்று இருந்தது.

மறுநாள் விடியுமுன் பெரட்டுக்கு மணியடித்தது. வேலைக்குப் போகுமுன் ஆட்கள் எல்லாரும் வரிசையில் நின்று பெயர் கொடுக்கும் நேரம். கிராணி ஸ்டானிஸ்லாஸ் சதாசிவத்தைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"டேய், நீ நாலெழுத்துப் படிச்சவன்தானே? ரப்பர் வெல விழுந்து வடக்க பாதித் தோட்டத்த மூடிட்டாங்க. அங்கேருந்து வேல கேட்டு நேத்து சாயங்காலம் ஒரு லாரி ஆளு வந்து எறங்கியிருக்கு. பேரெல்லாம் எழுது."

சதாசிவம் லாந்தர் வெளிச்சத்தில் குனிந்து எழுதினான். ஆறு பேர் முடிந்து ஏழாவது ஆள் வந்து நின்றார். வெடித்த பாதங்கள் இரண்டும் வெளிச்சத்தில் தெரிந்தன.

"பேரு?"

அந்தப் பாதங்கள் ஓரடி பின்வாங்கின.

"நேரமாவுதுலா, பெரியவரே. சரி, எந்த ஊரு?"

"பாலோ."

குரலைக் கேட்டதும் பென்சில் நின்றுவிட்டது. சதாசிவம் தலையைத் தூக்கினான். எதிரே அப்பா. தலைப்பாகையைக் காணோம், கக்கத்தில் ஒரு தகரப்பெட்டி. எல்லாம் சௌக்கியம் என்று எழுதச் சொன்ன அதே வாய் கோணிக்கொண்டு நடுங்கியது.

 பின்னால் நின்றவர்கள் முட்டித் தள்ளினார்கள். வீரமுத்து மகனின் கறை படிந்த விரல்களைப் பார்த்தார். அந்த விரல்களுக்கு நடுவே இருந்த பென்சிலைப் பார்த்தார். பிறகு யார் காதிலும் விழாமல் மெல்லக் கேட்டார்:

"அந்த மொதலயப் புடிச்சிட்டாங்களாப்பா?"