விண்கலத்துக்கு ஒரு சாதகம்

“அம்மா, உந்தச் சாத்திரியார்மாரிட்டப் போய் நிக்கிறேல்லை. இப்பவே சொல்லிப்போட்டன்.”

ஜெர்மனியிலிருந்து கஜனி போனில் இப்படிச் சொன்னபோது, நேசமலர் செருப்பைப் போட்டுக்கொண்டு குடையும் கையுமாக வாசலில் நின்றாள். “நான் ஏன் போறன்?” என்றபடி குடையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். மகளுக்குக் குரல் மட்டும்தான் கேட்கும் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

“எங்கட வேலை கணக்கில நடக்கிறது, கிரகபலனில இல்லை. இங்க ஆரும் அறிஞ்சால் எனக்குத்தான் வெக்கக்கேடு” என்று கஜனி போனை வைத்துவிட்டாள். அங்கே இன்னும் விடியவில்லை. அவள் வேலையிடத்தை விட்டு அசையவேயில்லை.

கஜனி ஒரு விண்கலத்தின் பொறியியலாளர். ஆளில்லாமல் தானே இயங்கும் அந்த விண்கலத்தை, சூரியனுக்கு மிகக் கிட்டச் சுற்றும் புதன் கிரகத்தை ஆராய்வதற்கு எட்டு வருடங்களுக்கு முன் அனுப்பியிருந்தார்கள். இன்றைக்குப் பின்னேரம் அது புதனை அடைகிறது. அங்கே சரியான நேரத்தில் வேகத்தைக் குறைத்தால் புதன் அதைப் பிடித்துக்கொள்ளும். தவறினால் தாண்டிப் போய்விடும். பட்ட பாடெல்லாம் வீண்.

இருபத்தைந்து வயதில் அந்த வேலையில் சேர்ந்தவளுக்கு இப்போது முப்பத்தைந்து. கலியாணப் பேச்சை எடுத்தால், முதலில் அது போய்ச் சேரட்டும் என்று வாயை அடைத்துவிடுவாள். நேசமலருக்குப் புதனும் விளங்காது, விண்கலமும் விளங்காது. மகள் ஒரு கிழமையாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பது மட்டும் குரலிலேயே விளங்கியது.

கணவர் அப்புத்துரை விடிந்ததிலிருந்து மூன்று தடவை வயலுக்குப் போய் வந்துவிட்டார். கார்த்திகை மழையில் நெல்லு தன்பாட்டில் வளர்ந்துகொண்டிருந்தது. வீட்டில் இருக்க முடியாமல் போனாரே தவிர, அங்கே பார்க்க ஒன்றுமில்லை. மனைவி வெளிக்கிட்டு நிற்பதைக் கண்டதும் அவருக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. மெசினுக்கு என்ன ராசி, என்ன நட்சத்திரம் என்று கேட்டுச் சிரித்தார். நேசமலர் கிளிநொச்சிக்கு வந்து வவுனியா பஸ்ஸில் ஏறினாள்.

சொந்த ஊரான உருத்திரபுரத்தில் சாத்திரியாருக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே கேட்டால் மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கக் கதை பரவிவிடும். அதோடு, விண்கலம் புறப்பட்டது தென் அமெரிக்காக் கரையிலிருந்து. வெளிநாட்டு நேரத்துக்குச் சாதகம் கணிப்பதென்றால் ஓமந்தை யோகநாதன் சாத்திரியாரை விட்டால் ஆளில்லை. கனடாவிலும் லண்டனிலும் பிறக்கும் பிள்ளைகளுக்கு அவர் போனிலேயே பலன் சொல்லிவிடுவார்.

முறிகண்டியில் பஸ் நின்றதும் எல்லோருக்கும் முதல் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். பிறகு நடத்துநர் அவசரமில்லாமல் கச்சான் கடலை வாங்கிக்கொண்டு நின்றதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாங்குளம் தாண்டுவதற்குள் போனைப் பத்துத் தடவை எடுத்துப் பார்த்துவிட்டாள். மகளிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

ஓமந்தையில் சாத்திரியார் கதிரையைக் காட்டி, ஆருக்குப் பார்க்கவேண்டும் என்று கேட்டார். மெசினுக்கு என்று எந்த வாயால் சொல்வது? பேரப்பிள்ளைக்கு என்று சொல்லிவிட்டாள். பொய் சொல்லிப் பழகாத நாக்கு கொஞ்சம் தடுக்கியது. எட்டு வருடத்துக்கு முந்திய ஐப்பசி மாதத் திகதி ஒன்றும், இலங்கை நேரம் காலை ஏழேகால் என்றும் எழுதிய துண்டை நீட்டினாள். விண்கலம் நெருப்பைக் கக்கிக்கொண்டு எழும்பியதைப் போனில் பார்த்து, அவளே கலண்டரில் குறித்து வைத்த நேரம் அது.

“இண்டைக்குப் பின்னேரம் பிள்ளைக்கு ஒரு கண்டம் ஐயா. தப்பிடுமோ எண்டு பார்க்கவேணும்.”

“ஒப்பரேசனோ?”

“அப்பிடித்தான்” என்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அது மெசின் என்பதே அந்த நேரத்தில் மறந்து போயிற்று. மகளின் இளமை முழுவதும் அதற்குள்தான் இருந்தது. அதற்கு ஒன்று நடந்தால் அவள் எப்படித் தாங்குவாள் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

சாத்திரியார் துண்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். பஞ்சாங்கத்தைத் தொடவேயில்லை. எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து எதையோ தேடினார். கூடாத பலன் ஏதோ கண்டுவிட்டார் என்று நேசமலர் கதிரை நுனிக்கு வந்துவிட்டாள்.

“மறைக்காமல் சொல்லுங்கோ ஐயா. பிழைக்காதோ?”

“இதை நான் புதுசாக் கணிக்கத் தேவையில்லையம்மா” என்று ஒரு பழைய கொப்பியுடன் வந்தார் அவர். “பிள்ளை பிறந்த கிழமையே எழுதின சாதகம். தாய்க்காரி எட்டு வருசமாப் போனில எடுத்து, கண்டம் கிண்டம் இருக்கோ எண்டு கேட்டபடி. தகப்பன்ர பேரைக் கேட்டால் மட்டும் டக்கெண்டு வைச்சிடுவா. இண்டைக்கும் விடியக்காலமை எடுத்து அழுதவா, பாவம்.”

அவர் விரித்துக் காட்டிய பக்கத்தில் தகப்பன் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தது. தாயின் பெயருக்கு நேரே, ‘அப்புத்துரை கஜனி, ஜெர்மனி’ என்று எழுதியிருந்தது.