தும்பரசி

"நீங்க திருடியிருக்கீங்க மேடம். அதை மரியாதையாச் சொல்லிட்டுப் போகலாம்னுதான் நேர்ல வந்தேன்."

வந்தவர் மடியிலிருந்த தடித்த நாவலை எடுத்து மேஜைமேல் வைத்தார். பதிப்பாளரின் அறை சின்னது. மூன்று பேர் உட்கார்ந்தால் முழங்கால்கள் இடிக்கும். பதிப்பாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, நாவலை எழுதியவளைப் பார்த்தார். அவள் தலைகுனிந்து நாவலின் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கற்பனை ராஜ்ஜியத்தின் கதை அது. பேரரசர் முதல் கோட்டை வாசல் சேவகன்வரை யார் யாரை எப்படி விளிக்க வேண்டும் என்று கடைசியில் பன்னிரண்டு பக்கப் பட்டியல் உண்டு. தப்பாகக் கூப்பிட்டவனுக்குத் தலை போகும். வாசகர்கள் கதையைவிட அந்தப் பட்டியலைத்தான் அதிகம் பேசினார்கள்.

"பேரரசர்னா 'மாமுடியீர்', சிற்றரசர்னா 'கோலுடையீர்'. அதெல்லாம் உங்க சொந்தச் சரக்கு, ஒத்துக்கறேன்" என்றார் வந்தவர். "ஆனா சிற்றரசரோட கடைசிப் பொண்ணை 'தும்பரசி'ன்னு கூப்பிடணும்னு போட்டிருக்கீங்களே, அது என் வார்த்தை."

"சார், தும்பைப் பூ நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?" பதிப்பாளர் இழுத்தார். "பூவோட அரசியைச் சேர்த்தா ஆச்சு. யாருக்கு வேணாலும் தோணும்."

வந்தவர் சிரித்தார். "பட்டியல்லயும் அப்படித்தான் உளறி வச்சிருக்கு. தும்பைப் பூ சூடறதால தும்பரசியாம்! திருடினவங்களுக்கு அர்த்தம் எப்படித் தெரியும்? தும்பை இல்லீங்க. தும்பி. றெக்கை வச்ச தும்பி."

அவள் முதல்முறையாக நிமிர்ந்தாள்.

"ரெண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகற நேரம் மேடம்" என்று பதிப்பாளர் அவள் பக்கம் குனிந்து கெஞ்சினார். "கோர்ட்டு கேசுன்னு போனா என் கதை கந்தல். ஒரு நன்றின்னு போட்டு முடிச்சுக்கலாமே?"

"போடலாம். சார் பேரோடயே போடலாம்" என்றாள் அவள். "ஆனா அவர்தான் உண்டாக்கினார்ங்கறதுக்கு ஆதாரம் வேணுமே. எப்ப உண்டாக்கினீங்க சார்?"

வந்தவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"ஒன்பது வருஷம் ஆச்சு. அப்ப நான் வாடகை நூலகம் நடத்திட்டிருந்தேன். நானும் ஒரு ராஜா கதை எழுதிட்டிருந்தேன். என் நோட்டை எவனோ பார்த்திருக்கான், அது உங்க கைக்கு வந்திருக்கு."

"நோட்டுல யார் வேணாலும் பழைய தேதி போட்டுக்கலாம். வேற யாருக்காவது இந்த வார்த்தையை எழுதியிருக்கீங்களா? அப்படி இருந்தா உங்க பக்கம் பலமா இருக்கும்."

அவர் சன்னல் பக்கம் திரும்பினார். சன்னலுக்கு அப்பால் அச்சு இயந்திரம் தடதடத்துக்கொண்டிருந்தது.

"ஒரு பொண்ணுக்கு எழுதினேன். எங்ககிட்ட புத்தகம் எடுக்க வருவா. தலையில எப்பவும் தும்பி மாதிரி ஒரு கிளிப் குத்தியிருப்பா. அதை வச்சுத்தான் அந்தப் பேரே வந்தது. புத்தகத்துக்குள்ள கடிதம் வச்சுக் குடுப்பேன்."

"எத்தனை கடிதம்?"

"பத்துப் பதினொண்ணு இருக்கும். எதுலயும் என் பேர் போடல. அதுவும் இப்ப எங்க இருக்கப்போகுது? படிச்ச கையோட கொளுத்திடணும்னு சொல்லியிருந்தேன். சொன்ன பேச்சு கேக்கற பொண்ணு."

அவள் விரல்கள் மேஜை விளிம்பை இறுகப் பற்றியிருந்ததைப் பதிப்பாளர் கவனித்தார். தோற்றுப்போன அவமானம் போலும் என்று நினைத்துப் பரிதாபப்பட்டார்.

"சரி சார். இந்த வார்த்தையை நான்தான் உண்டாக்கினேன், இன்ன வருஷம், இன்னாருக்கு எழுதினேன்னு உங்க கையால எழுதிக் குடுத்துடுங்க. அப்படியே புத்தகத்துல போட்டுடறோம்."

"எனக்குக் காசெல்லாம் வேணாம். பேர் மட்டும் பெரிசா வரணும்."

"கண்டிப்பா வரும்."

வந்தவர் நிதானமாக, அழகான கையெழுத்தில் எழுதினார். முழுப் பெயரையும் முகவரியையும் போட்டு, கீழே ஒரு கோடும் இழுத்தார்.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு கைப்பையிலிருந்து பழுப்பேறிய ஒரு தாளை எடுத்து, மடிப்புப் பிரித்து, பக்கத்தில் வைத்தாள். பதிப்பாளர் எட்டிப் பார்த்தார். அதே சாய்வு, அதே சுழிப்பு. முதல் வரி, 'என் தும்பரசிக்கு' என்றிருந்தது.

வந்தவர் அந்தப் பழைய தாளை நோக்கிக் கை நீட்டினார். "இது... உங்ககிட்ட எப்படி?"

"அவ கொளுத்தல. பேரில்லாத கடிதத்தை வச்சுக்கிட்டு யாரைன்னு தேடறதுன்னு போலீஸ் கையை விரிச்சுட்டாங்க. அதான், நீங்களே என்னைத் தேடி வரட்டும்னு நானூறு பக்கம் எழுதினேன்."

பதிப்பாளர் ஓசையில்லாமல் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார்.

"இப்பச் சொல்லுங்க" என்றாள் அவள். "என் தங்கச்சி எங்கே?"