வாசல் படிகள்

பேனா மூடியைக் கழற்றிய பிறகுதான் வரைபடப் பிரிவின் மேலாளருக்கு மனம் உறுத்தியது.

எதிரே இருந்த கடிதத்தில் அவள் கையெழுத்துப் போட்டால், ஆமைக்கு இன்றோடு வேலை போய்விடும்.

ஆமை என்பது அலுவலகம் வைத்த பெயர். தெருத்தெருவாகப் போய்க் கட்டடங்களின் விவரங்களைக் கைப்பேசியில் பதிந்து வரும் கணக்கெடுப்பாளர் அவர். மற்றவர்கள் ஒரு நாளைக்கு நாற்பது கட்டடங்களை முடித்துவிட்டு மீதி நேரத்தில் ஊர்க்கதை பேசுவார்கள். இவர் பதினொன்றைத் தாண்டியதில்லை. விலைக்கு வாங்கப் போகிறவர் மாதிரி ஒவ்வொரு வாசலிலும் நின்று மேலும் கீழும் பார்க்கிறார் என்று கேலி வேறு. இரண்டு முறை எச்சரித்தாகிவிட்டது. நன்றாகத் தலையாட்டுவார். மறுநாளும் பதினொன்றுதான்.

ஒருவர் பிழைப்பில் கை வைக்கும் முன் அவர் செய்த வேலையை ஒரு தடவையாவது பார்ப்பதுதான் நியாயம். அவள் வரைபடத்தைத் திறந்தாள்.

திரையில் நகரம் எழுந்து நின்றது. மவுஸை இழுத்தால் தெருக்கள் திரும்பின. இன்னும் கொஞ்சம் நெருங்கினால் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகள்கூடத் தெரிந்தன. எந்தக் கட்டடத்தைத் தொட்டாலும் அதன் வயது, மாடிகள், லிஃப்ட் உண்டா இல்லையா என்று எல்லாம் ஓரத்தில் வந்து விழும். மூன்று வருடமாகத் தன் குழுவோடு சேர்ந்து அவள் எழுப்பியது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் புதுப்பொம்மை கிடைத்த குழந்தை மாதிரி பூரித்துப்போவாள். நேரில் பார்க்காத தெருக்களிலெல்லாம் இப்படித்தான் ஆசை தீரச் சுற்றியிருக்கிறாள்.

படிவத்தின் கடைசிக் கட்டம், 'வாசல் படிகள்'. அதை வைத்து ஊருக்கு நிறம் கொடுத்துப் பார்த்தாள். படியே இல்லையென்றால் பச்சை. படிகள் கூடக்கூட மஞ்சள், பிறகு சிவப்பு.

ஊரே பச்சைப்பசேலென்று ஆனது. ஆமையின் வார்டு மட்டும் மஞ்சளும் சிவப்புமாகக் கிடந்தது.

இதையும் கெடுத்து வைத்திருக்கிறாரா மனிதர்! எரிச்சலோடு ஒரு சிவப்பைத் தொட்டாள்.

'படிகள் 7. ஒவ்வொன்றும் 18 செ.மீ. கைப்பிடி இல்லை.'

அடுத்ததைத் தொட்டாள்.

'படிகள் 4. பக்கவாசலில் 1. கதவு அகலம் 92 செ.மீ.'

அவளுக்குச் சுருக்கென்றது. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டால் மென்பொருள் தானாகவே பூஜ்யம் போட்டுக்கொள்ளும். பூஜ்யம் என்றால் பச்சை. நாற்பது முடிக்கிற சூரர்கள் ஒருவர்கூட அதைத் தொட்டதில்லை. ஊர் முழுக்கப் பொய்ப் பச்சை. ஆமையின் வார்டு மட்டும்தான் உண்மை.

அங்கேயும் சில பச்சைகள் இருந்தன. ஒரு மருந்துக்கடை, ஒரு நூலகம், ஒரு தியேட்டர். தியேட்டரின் குறிப்பு கொஞ்சம் நீளம்.

'முன்வாசலில் 9 படிகள். பின்வாசலில் படி இல்லை, சரிவுப்பாதை. பூட்டியிருக்கும். காவலாளியிடம் சொன்னால் திறப்பார். கேட்டுவிட்டேன்.'

அந்தக் கடைசி வார்த்தையை மூன்று தடவை படித்தாள். யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் ஒரு மனிதர் வெயிலில் நின்று இதையெல்லாம் அளந்திருக்கிறார். அவளுக்கு மலைப்பாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

கூப்பிட்டு அனுப்பினாள். ஆமை வந்து நின்றார். மேசைமேல் இருந்த கடிதம் அவர் கண்ணில் பட்டுவிட்டது.

இந்தக் கட்டத்தை மட்டும் இப்படிப் பார்த்துப் பார்த்து நிரப்பச் சொன்னது யார் என்று அவள் கேட்டாள்.

அவர் தலையைச் சொறிந்தார்.

“யாரும் சொல்லல மேடம். நீங்க சேர்ந்த அன்னிக்கு நம்ம ஆபீஸ் வாசல்ல நாலு படி இருந்துச்சு. உங்கள சக்கர நாற்காலியோட தூக்கிட்டுப் போனவங்கள்ல நானும் ஒருத்தன். மேல வந்து சேர்ற வரைக்கும் நீங்க கண்ணத் தொறக்கவே இல்ல.”

அவள் கடிதத்தை இரண்டாகக் கிழித்தாள். நாற்காலியின் பிரேக்கை விடுவித்து, மேசையைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கம் வந்தாள்.

“அண்ணே, அந்தத் தியேட்டர்ல மத்தியான ஆட்டம் எத்தனை மணிக்கு?”