நானே காய்ச்சியது

எனக்கு சீலியாக் நோய். கோதுமைத் தூள் பட்டாலே குடல் கலவரம் செய்யும். ஆறு மாதமாக ரொட்டி, பிஸ்கட் எதையும் தொடவில்லை. ஆனாலும் பேதி நிற்கவில்லை. எட்டுக் கிலோ இளைத்துவிட்டேன்.

"சமையல்ல நீதான் எதையோ கலக்குற!" என்று மனைவி மீது பாய்ந்தேன்.

"ஆமா, எனக்கு வேற வேலையில்ல பாருங்க!"

வேறு மருந்து தேடினேன். பத்திரிகைகளில் வரும் இயற்கை வைத்தியக் குறிப்புகளைத் தினமும் வெட்டி நோட்டில் ஒட்டுவது என் வழக்கம். அன்றும் ஒட்டிவிட்டு, விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு நோட்டின் பக்கங்களைப் புரட்டினேன்.

மருமகள் உற்றுப் பார்த்தாள். "பசை கடையில வாங்கினதா மாமா?"

"கடைப் பசையெல்லாம் ரசாயனம்மா! நானே காய்ச்சினது."

"எதுல?"

"மைதாவுல."

"மைதாவும் கோதுமைதானே மாமா?"

நாக்கை நோக்கிப் போன விரல் பாதியில் நின்றது.

மனைவி என் விரலைக் கழுவச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.