சொல்லிவிட வேண்டும் என்ற அணி

அவள் பேசிக்கொண்டிருக்கிறாள். அவனுக்கு அது தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போல் இருக்கிறது.

உயரமான சன்னல்கள். வெளியே கடற்பறவைகள். அயர்லாந்து வெயிலுக்கு வெளிச்சம் மட்டும்தான், சூடே கிடையாது. அவள் தோளில் விழுகிறது, மேசையில் விழுகிறது, நடுவர்களின் வெள்ளைக் கோப்பைகளில் விழுகிறது.

இந்த மண்டபம் இப்படியே மிதந்து எங்காவது போய்விட்டால் தேவலை.

விவாதப் போட்டியின் இறுதிச் சுற்று. அவளும் அவனும் ஓர் அணி. அவள் முதலில், அவன் பிறகு. ஆளுக்கு ஏழு நிமிடம்.

காலையில் விடுதிப் படிக்கட்டில் இறங்கும்போது பாளையங்கோட்டையிலிருந்து அவளுடைய அண்ணன் அவனைக் கூப்பிட்டார். போட்டி நாள் என்றால் அவள் போனை அணைத்துவிடுவாள், கெஞ்சினாலும் தொடமாட்டாள்.

"அப்பாவ ஐசியூவுல வச்சிருக்கு தம்பி. இன்னைக்குத் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லுதாரு. வடிவுகிட்ட சொல்லிராதீங்க. முடிச்சுட்டு வரட்டும்னு அப்பாவே சொல்லிட்டாவ."

சரிண்ணே என்று சொல்லித் தொலைத்துவிட்டான்.

அந்த ஒரு சொல் மீன்முள்ளாகத் தொண்டையில் நிற்கிறது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அவள் அப்பா கோயில் கொடைத் திருவிழாக்களில் பட்டிமன்றம் பேசுகிறவர். மகள் வெளிநாட்டில் இறுதிச் சுற்றில் பேசப்போகிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டுத்தான் படுத்திருப்பார்.

தலைப்பை அதற்குப் பிறகுதான் அறிவித்தார்கள். நேசிப்பவர்களிடம் கெட்ட செய்தியை மறைக்கலாமா?

சீட்டுக் குலுக்கினார்கள். இவர்களுக்கு விழுந்தது: மறைக்கக் கூடாது, உடனே சொல்லிவிட வேண்டும். விழுந்த பக்கம் பேச வேண்டியதுதான், நம்புகிறாயா என்று யாரும் கேட்கப்போவதில்லை. தயாராகப் பதினைந்து நிமிடம்.

கடவுளே, இத்தனை தலைப்பு இருக்கும்போது இதுவா?

தயாராகும் அறையில் அவள் பேனாவைக் கடித்தபடி கேட்டாள்.

"ஏல ஜெபா, எதிரணிக்காரன் என்ன சொல்லுவான்? நீ அவனா இருந்து பேசு."

மூன்று வருடமாக அவர்கள் பயிற்சி இப்படித்தான். அவன் எதிரியாவான். அவள் அடித்து நொறுக்குவாள்.

இன்று அவன் எதிரியாகவில்லை. நிஜத்தைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தான்.

"ஒருத்தி உயிரக் கொடுத்துத் தயாராகி வந்திருக்கா. அன்னைக்குன்னு பாத்து அவ அப்பாவுக்கு முடியாமப் போயிருது. அவரே சொல்லாதீங்கங்கிறாரு. கூட இருக்கறவன் என்னதான் செய்வான் வடிவு?"

அவன் கண் கலங்கிவிட்டது.

அவள் மேசையைத் தட்டிச் சிரித்தாள். "சூப்பர்ல! கண்ணுல தண்ணியே வந்துட்டு. அப்படியே எதிரணிக்காரன்தான்." முழுவதையும் தாளில் எழுதிக்கொண்டாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

இப்போது அந்தத் தாளைத்தான் அவள் கிழித்துக்கொண்டிருக்கிறாள். பதறாமல், அழகாக, ஆங்கிலத்தில்.

மறைக்கிறவர் செய்தியை மட்டும் மறைப்பதில்லை என்கிறாள். மிச்சமிருக்கும் நேரத்தையும் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொள்கிறார். அது அவருடைய நேரம் அல்ல.

மண்டபம் பாராட்டி மேசைகளைத் தட்டுகிறது. தூரத்து மழை போல் இருக்கிறது.

அவன் பையில் போன் கனக்கிறது.

அவள் வந்து உட்காருகிறாள். கன்னம் சிவந்திருக்கிறது. இவ்வளவு சந்தோஷமாக அவளை அவன் பார்த்ததே இல்லை. அதைப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறது.

எதிரணியில் நைரோபிக்காரன் எழுகிறான். நெடியவன், குரல் பஞ்சு மாதிரி. ஒரு நாள் தள்ளிச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்கிறான். அந்த ஒரு நாளை அவர்களுக்குப் பரிசாகக் கொடுங்கள் என்கிறான். காலையிலிருந்து தனக்குத் தானே சொல்லிக்கொண்டதையெல்லாம் வேறொருவன் வாயால் கேட்பது சுகமாக இருக்கிறது. தூக்கம் வருவது போல் இருக்கிறது.

அவள் முழங்கையால் இடிக்கிறாள்.

"என்னல, அவனுக்குப் போய்த் தலையாட்டுத?"

அவன் முறை வந்துவிட்டது.

எழுந்து நிற்கிறான். பேசுகிறவர் நடுவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். அவன் அவள் பக்கம் திரும்புகிறான்.

"வடிவு, காலையில உங்க அண்ணன் கூப்பிட்டாங்க. அப்பா ஐசியூவுல இருக்காங்க. இன்னைக்குத் தாண்டாதாம்."

தாய்மொழியில் ஏதோ வணக்கம் சொல்கிறான் என்று நினைத்து இரண்டொருவர் புன்னகைக்கிறார்கள்.

"காலையிலயா?" என்கிறாள்.

அவன் போனை எடுத்து அவள் அண்ணனைக் கூப்பிட்டு நீட்டுகிறான். அவள் பிடுங்கிக்கொள்கிறாள்.

"அண்ணே, ஒண்ணும் பேசாத. போன அப்பா காதுல வை."

பேச ஆரம்பி என்பது போல் தலைமை நடுவர் அவனைப் பார்க்கிறார். அவன் மாட்டேன் என்று தலையசைத்து உட்கார்ந்துவிடுகிறான். வெற்றிக் கோப்பை கைவிட்டுப் போயிற்று. பக்கத்தில் இருந்த அவளுக்கும் அது தெரிகிறது.

அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

"அப்பா," என்கிறாள். "வடிவு பேசுதேன்ப்பா. ஜெயிச்சாச்சு. இப்பத்தான் சொன்னாங்க."